வழக்கமாக வசிக்கும் இடம்

யூலை 2

"உங்கள் மகள் வழக்கமாக எங்கே வசிக்கிறார்?" என்று கேட்டால் என்ன சொல்வது? எனக்குத் தெரியவில்லை. இங்கிலாந்துப் பல்கலைக்கழகத்திலிருந்து இன்று பேசிய பெண் அதை மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் நான் வேறு எதையோ சொன்னேன்.

லண்டனில் பிறந்தவள் என்றேன். அது அவர்களிடம் பதிவாகியிருக்கிறது. பிரித்தானியக் கடவுச்சீட்டு வைத்திருக்கிறாள் என்றேன். அதுவும் பதிவாகியிருக்கிறது. "கடவுச்சீட்டு எதுவாகவும் இருக்கலாம். அவர் எங்கே வசிக்கிறார் என்பதுதான் என் கேள்வி" என்றாள், மிகவும் பணிவாக. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுச் சேவல் கூவிற்று. அவளுக்கும் கேட்டிருக்கும்.

சாம்பவிக்கு இங்கிலாந்தின் வடக்கே ஒரு பல்கலைக்கழகம் பேச்சுச் சிகிச்சை படிக்க இடம் தந்திருக்கிறது, பரீட்சை முடிவு சரியாக வந்தால். அந்த நாட்டுப் பிள்ளை என்று கணித்தால் அரசாங்கக் கடனில் படிக்கலாம். வெளிநாட்டுப் பிள்ளை என்று கணித்தால் கடன் கிடையாது, கட்டணமும் எங்களுக்கு எட்டாது. படிப்புத் தொடங்குவதற்கு முந்திய மூன்று வருடமும் அவள் அங்கே வசித்திருக்க வேண்டுமாம். நாங்கள் யாழ்ப்பாணத்தில் உரும்பிராய்க்கு வந்து ஐந்து வருடமாகிறது.

இங்கே யாரைக் கேட்டாலும் "பிரிட்டிஷ் பாஸ்போட் இருக்குத்தானே, பிறகென்ன?" என்பார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். இத்தனைக்கும் எதையும் இலகுவில் நம்புகிற ஆள் இல்லை நான்.

படுக்கையில் இருக்கும் மாமாவின் கஞ்சி இன்று தண்ணீராகிவிட்டது. தண்ணீராகக் கொடுத்தால் அவருக்குப் புரைக்கேறும். திரும்ப அடுப்பில் வைத்துத் தடிக்க வைத்தேன்.

யூலை 3

தண்ணீர் மோட்டார் பழுது. திருத்துகிறவர் நாளைக்கு வருவாராம். கிணற்றில் அள்ளினேன்.

யூலை 6

சனிக்கிழமை. என் கணவர் லண்டனிலிருந்து வழக்கம் போலத் தமிழ்ப் பள்ளிக்கூடம் முடிந்து கதைத்தார். அங்கே பிள்ளைகள் ஆனா ஆவன்னா படிக்க, பெற்றோர் இவர் முன்னால் வரிசையில் நிற்பார்கள். வீசா, பிரசாவுரிமை, வீட்டு உதவி, எதுவானாலும் குகதாசன் அண்ணைதான். ஒரு தேத்தண்ணிகூட வாங்கிக் குடிக்க மாட்டார். அதில் எனக்கு எப்போதும் ஒரு பெருமை உண்டு.

"அவள் கேட்டதுக்கு நீர் என்ன சொன்னனீர்?"

"பிறந்தது லண்டன் எண்டன்."

"ஐயோ, அதை ஏன் சொன்னனீர்? தற்காலிகமாத்தான் வந்து நிக்கிறம் எண்டெல்லோ சொல்லியிருக்க வேணும்."

"தெரியாது. நீங்கள் சொல்லித் தரேல்லை."

பிறகு, "சரி, விடும். நான் பாக்கிறன்" என்றார்.

சாம்பவி கைபேசியை எட்டிப் பறித்தாள். "அப்பா, ஊர் உலகத்துக்கெல்லாம் ஃபோம் நிரப்பிறீங்கள். என்னையும் உங்கட லைனில நிண்டு வரச் சொல்லுறீங்களோ?"

இவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

நாங்கள் இங்கே வந்தது மாமாவுக்காக. இவருடைய அப்பா. ஐந்து வருடத்துக்கு முன் பாரிசவாதம் வந்து வலப்பக்கமும் பேச்சும் விழுந்துவிட்டன. சீமெந்துத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்தவர். குரலாலேயே லொறிகளை நிறுத்தியவர் என்பார்கள். மாமி முன்னமே போய்விட்டா. இவர் ஒரே மகன். "ஒரு வருஷம் மட்டும், வதனி. அதுக்குள்ள ஏதும் ஒழுங்கு செய்வம்" என்றார். நான் நூலக வேலையை விட்டுவிட்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளையைப் பள்ளியிலிருந்து எடுத்துக்கொண்டு வந்தேன். அதன் பிறகு ஒவ்வொரு நல்லூர்த் திருவிழாவுக்கும் வருவார். திரும்பிப் போக வான் வண்டியில் ஏறும்போது, "அடுத்த வருஷம் கூட்டிக்கொண்டு போறன்" என்பார்.

யூலை 15

பல்கலைக்கழகத்திலிருந்து இரண்டாவது தடவை பேசினார்கள். இந்த முறை ஓர் ஆண். நீங்கள் அங்கே இருக்கும் காலத்தில் இலங்கைக் குடியுரிமையும் எடுத்தீர்களா என்று கேட்டான். ஓம் என்றேன். பொய் சொல்ல எனக்கு வராது.

இரண்டு வருடத்துக்கு முன்பு எடுத்தோம். வீசா நீடிப்புக்காகக் கொழும்புக்குப் போய்ப் போய் வந்தது போதும், இரட்டைக் குடியுரிமை எடுத்தால் அலைச்சல் இல்லை என்று இவர்தான் சொன்னார். பத்திரங்களையெல்லாம் இவரே நிரப்பி அனுப்பியிருந்தார். கையெழுத்துப் போடும் இடங்களில் பென்சிலால் சின்னப் புள்ளி. சத்தியப்பிரமாணம் செய்த அன்று சாம்பவி, "இப்ப எனக்கு ரெண்டு நாடு" என்று துள்ளினாள். கொத்துரொட்டி வாங்கிக் கொடுத்தேன்.

அந்த ஆண் அதைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் தட்டச்சு செய்தான்.

யூலை 23

சாம்பவி பின்னேரங்களில் மாமாவுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறாள். காணொலிகளைப் பார்த்துத் தானே பழகியது. இந்தப் படிப்பு வேண்டும் என்ற எண்ணம் அவளுக்கு வந்ததே இந்தக் கட்டிலடியில்தான்.

"அப்பப்பா, சொல்லுங்கோ. பப்பாசி."

"ப... பசி."

"பசி இல்லை. பப்பாசி."

"பசி."

"இப்பத்தானே சாப்பிட்டனீங்கள்! கள்ளம். வாய் வருது, சொல்லப் பஞ்சி, சோம்பேறி."

மாமா இடது கண்ணைச் சிமிட்டினார். வந்த புதிதில் அவரால் "ஆ" மட்டும்தான் முடியும். இப்போது "மெதுவா" சொல்வார், "போதும்" சொல்வார், கோபம் வந்தால் "மடையா" என்பது தெளிவாகவே வரும். என்னைப் "பிள்ளை" என்பார்.

இவர் பல்கலைக்கழகத்துக்கு விளக்கம் எழுதி அனுப்பிவிட்டாராம். மனைவியும் மகளும் தகப்பனைப் பார்க்கத் தற்காலிகமாகப் போனவர்கள், வீடு லண்டனில்தான் என்று. நல்லபடி முடியும் என்றார்.

ஓகஸ்ட் 7

முடியவில்லை. வெளிநாட்டு மாணவி என்றே தீர்மானம். இலங்கையில் ஐந்து வருடம் தொடர்ச்சியாக வசித்தது, அங்கே படித்தது, அங்கே குடியுரிமை பெற்றது. தற்காலிகம் என்று கொள்ள முடியாது. அரசாங்கக் கடனுக்கும் இதே நிபந்தனைதான், அங்கும் இதே பதில்தான் வரும் என்று அந்தப் பணிவான பெண் சொன்னாள். இரக்கத்தோடுதான் சொன்னாள்.

இவரிடம் சொன்னேன். "சட்டத்தை அடிக்கடி மாத்திறாங்கள். முந்தி இப்பிடி இல்லை" என்றார்.

யாரில் பிழை சொல்வது? ஒரு நாட்டின் சட்டத்தோடு கோபித்துக்கொள்ள முடியாது. மாமாவின் படுக்கை விரிப்புகளை எல்லாம் உருவி ஊற வைத்தேன். ஊற வைத்த பிறகுதான் அவை நேற்றுத் தோய்த்தவை என்று கண்டேன்.

ஓகஸ்ட் 9

நல்லூரில் கொடியேற்றம். றோட்டெல்லாம் வெளிநாட்டு ஆட்கள். நாங்கள் போகவில்லை.

ஓகஸ்ட் 13

இன்று சுபாஜினி வந்தாள். லண்டன் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பழக்கம். திருவிழாவுக்குக் குடும்பத்தோடு வந்திருக்கிறார்களாம். ஒரு பெரிய சொக்லேட் பெட்டி, மாமாவுக்கு மாப்பால் டின், சாம்பவிக்குக் கைப்பை. வந்து இருந்ததும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, உங்களைப் பாக்காமல் போனா எனக்குப் பாவம். குகதாசன் அண்ணா செய்த உதவிக்கு நாங்கள் அவரைக் கும்பிட வேணும்."

"அப்பிடி என்ன செய்தவர்?"

"சொல்லேல்லையே உங்களுக்கு? பாருங்கோ, அதுதான் அண்ணா. ஒருத்தருக்கும் சொல்லிக் காட்ட மாட்டார்."

அவளுடைய மகன் ஆதவன் மிருதங்கம் பழக வேண்டும், லண்டனில் கூட்டாளிமார் சரியில்லை என்று, இவளும் பிள்ளையும் சென்னையில் வீடெடுத்து இருந்தார்கள். அது எனக்கும் தெரியும். பிறகு திடீரென்று திரும்பிப் போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஏன் என்று விசாரிக்கவில்லை.

"அண்ணாதான் அக்கா சொன்னவர். என்ர மனுசன் ஒரு சனிக்கிழமை சும்மா கதையோட கதையா, மகன் சென்னையில படிச்சிட்டு யூனிவேசிற்றிக்கு இங்க வருவான் எண்டு சொல்லியிருக்கிறார். அண்ணாக்கு முகமே மாறிட்டுதாம். 'விசரே உனக்கு? பாஸ்போட்டை வச்சு லோன் தர மாட்டாங்கள். மூண்டு வருஷம் முழுசா இங்க நிண்டிருக்க வேணும். இந்த செப்டெம்பருக்கு முதல் பிள்ளையின்ர கால் லண்டனில நிக்க வேணும்' எண்டு விரல் மடிச்சுக் கணக்குப் பாத்துச் சொன்னவராம். நாங்கள் சாமானைக்கூடக் கட்டேல்லை அக்கா. மிருதங்கத்தையும் பெடியனையும் தூக்கிக்கொண்டு ஓடினது."

"அது எப்ப?"

"மூண்டு வருஷம். இந்த ஓகஸ்டோட சரியா மூண்டு வருஷம்."

சாம்பவி தேத்தண்ணித் தட்டோடு வாசலில் நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது.

"ஆதவனுக்கு இப்ப எத்தினை வயசு, அன்ரி?"

"பதினெட்டு, குஞ்சு. உன்ர வயசுதான். இந்த முறை எஞ்ஜினியரிங் போறான். எல்லாம் லோனிலதான். உங்கட அப்பா இல்லாட்டி அவன் இண்டைக்கு நடுத்தெருவில."

சாம்பவி தட்டை வைத்தாள். "சீனி போட்டிருக்கிறன், அன்ரி" என்றாள்.

சுபாஜினி தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். "ஆனா அக்கா, நீங்கள் குடுத்து வச்சனீங்கள். இவ்வளவு காத்தோட்டம். அண்ணாவும் சொல்லுவார், 'வதனிக்கு லண்டன் சரிவராது, ஊரிலதான் இருக்க விருப்பம், நான் கூப்பிட்டாலும் வர மாட்டா' எண்டு. எங்களுக்கும் ஆசைதான். துணிவு வருகுதில்லை."

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. ஏதோ சொல்லியிருக்கிறேன், அவள் சிரித்தாள். மாமாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனாள். "தங்கமான மகனைப் பெத்திருக்கிறியள், ஐயா" என்று அவர் காதில் சத்தமாகச் சொன்னாள். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும்.

மூன்று வருடத்துக்கு முந்திய அதே ஓகஸ்டில் இவரும் இங்கே வந்து நின்றார். தேருக்குப் போனோம். சாம்பவிக்குக் காப்பு வாங்கிக் கொடுத்தார். வானில் ஏறும்போது வழக்கமான வசனத்தைச் சொன்னார்.

சொக்லேட் பெட்டியை மேசையில் வைத்தேன்.

ஓகஸ்ட் 14

பெட்டியில் எறும்பு. எடுக்கவில்லை.

ஓகஸ்ட் 15

பரீட்சை முடிவு வந்தது. வேண்டியதற்கு மேலேயே எடுத்திருக்கிறாள். பார்த்துவிட்டுக் கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். மாமாவிடம் போய், "அப்பப்பா, பாஸ்" என்றாள். அவர் இடது கையைத் தூக்கி அவள் தலையில் வைத்தார். அவள் அவருக்கு மேல் குனிந்தபடியே நெடுநேரம் நின்றாள். நான் குசினிக்குள் போய்விட்டேன்.

இவர் வாழ்த்துச் சொல்ல எடுத்தார். நான் சுபாஜினி வந்து போனதைச் சொன்னேன். கொண்டு வந்த சாமான்களைச் சொன்னேன். ஆதவனைச் சொன்னேன். மறுபக்கத்தில் தொலைக்காட்சிச் சத்தம் நின்றது.

"வதனி, ஆற அமரக் கேளும்."

"கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன்."

"நான் சொல்லியிருந்தா என்ன நடந்திருக்கும்? நீர் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்திருப்பீர். அப்பாவை ஆர் பாக்கிறது? ஹோமில விடச் சொல்லுறீரோ?"

"என்னட்டக் கேட்டிருக்கலாம்."

"கேட்டா நீர் ஓம் எண்டிருப்பீரோ?"

"சாம்பவியை நீங்கள் கூப்பிட்டிருக்கலாம். வீடு இருக்கு. நீங்கள் இருக்கிறியள்."

"பொம்பிளைப் பிள்ளை. நான் இரவு வேலை. தனிய வச்சு நான் என்னெண்டு பாக்கிறது? நாலு சனம் என்ன கதைக்கும்?"

"அவளுக்கு அப்ப பதினைஞ்சு வயசு. உங்கட மகள்."

"சட்டம் மாறும் எண்டு நினைச்சன். மாறிக்கொண்டுதானே இருக்கு. மற்றது, நீர் படிச்சனீர். லைப்ரரியில வேலை செய்தனீர். நீர் ஒருக்காத் தேடிப் பாத்திருக்கலாம்தானே?"

நான் ஏன் தேடிப் பார்க்கவில்லை என்பது அவருக்கும் தெரியும். வீட்டில் வைத்தியர் இருந்தால் யாரும் வெளியே மருந்து கேட்டுப் போவதில்லை.

"எனக்கு லண்டன் சரிவராது எண்டு நான் எப்ப சொன்னனான்?"

"சனம் கேக்கேக்க ஏதாவது சொல்லத்தானே வேணும்."

பிறகு சொன்னார்: "சரி, இப்ப பிள்ளையை அனுப்பும். இஞ்ச நிண்டு வேலை செய்யட்டும். மூண்டு வருஷம் முடியப் படிக்கலாம். நான் தேருக்கு ரெண்டு நாள் முதலே வந்திடுவன், திரும்பிப் போகேக்க கூட்டிக்கொண்டு போறன். நீர் அங்க நில்லும். அப்பாவுக்கு உம்மை விட்டா ஆர்?"

இன்றுதான் முதல் தடவையாக அவருடைய திட்டம் முழுவதையும் கேட்டேன். ஒழுங்கான திட்டம். எல்லோருக்கும் ஓர் இடம் இருக்கிறது.

ஓகஸ்ட் 19

சாம்பவி மூன்று நாளாகத் தகப்பனோடு கதைக்கவில்லை. இன்று தேங்காய் திருவிக்கொண்டிருக்கும்போது வந்து பக்கத்தில் இருந்தாள்.

"அம்மா, நான் போறன். மூண்டு வருஷம் அங்க வேலை செய்யிறன், வயது போன ஆக்களைப் பாக்கிற இடத்தில. அப்பப்பாவோட பழகினதுக்குச் சம்பளமாவது வரட்டும். பிறகு கேக்கட்டும், எங்க வசிக்கிறாய் எண்டு."

"ம்."

"ஆனா அந்த வீட்டில அவரோட தனிய இருக்க மாட்டன்."

தேங்காயைத் திருவி முடித்தேன். சிரட்டை வரைக்கும் திருவிவிட்டேன் போலிருக்கிறது. சொதி கறுப்பாக வந்தது.

ஓகஸ்ட் 21

இரண்டு பயணச்சீட்டு எடுத்தேன். முப்பத்தோராம் திகதி விடியற்காலை விமானம்.

இவரைக் கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து ஏற்றி வரும் வான்காரர் யோகன் எங்களுக்குப் பழக்கமானவர். முப்பதாம் திகதி விடிய வந்து இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்புவார். "வெறுமையாப் போக வேண்டாம். ஆக்கள் ரெண்டு பேர். பெட்டி நாலு" என்றேன்.

"ஆர் அக்கா, சொந்தக்காரரோ?"

"ஓம்" என்றேன்.

ஓகஸ்ட் 24

பின் வளவு வீட்டு மலர் அக்காவிடம் பகலில் வந்து போகச் சொல்லிக் கேட்டேன். சமையலுக்கும் தோய்ப்புக்கும் சம்மதித்தா. "தூக்கிறது பிரட்டிறது என்னால ஏலாது, பிள்ளை. நாரி போட்டுது, முதுகு நிமிருதில்லை" என்றா. அதற்கு ஆள் வருகிறது என்றேன்.

மாமாவின் மருந்துகளைக் காலை, மதியம், இரவு என்று பிரித்து வைத்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மறுபக்கம் திரும்பி வைத்தேன்.

ஓகஸ்ட் 29

நாளைக்கு இவரிடம் சொல்ல வேண்டியதைச் சமைக்கும்போது சொல்லிப் பார்த்தேன். முதலில் சாம்பவியைப் பற்றி. நீங்கள் ஊரான் பிள்ளைக்கு விரல் மடித்துக் கணக்குப் பார்த்தீர்கள், உங்கள் பிள்ளைக்கு ஒரு விரலையும் மடிக்கவில்லை. பிறகு, எனக்கு லண்டன் சரிவராது என்று சொல்லித் திரிந்தது பற்றி. கடைசியாக, நீங்கள் கேட்டிருந்தால் மாமாவுக்காக நான் இங்கே நின்றிருப்பேன், பிள்ளையை மட்டும் அனுப்பியிருப்பேன், நீங்கள் கேட்கவேயில்லை என்பது. கடைசி வசனத்துக்கு வரும்போதெல்லாம் கறியைக் கிண்டத் திரும்பிவிடுகிறேன். நாளைக்கு நிதானமாகச் சொல்ல வேண்டும்.

மாமாவுக்கு முகம் மழித்துவிட்டேன். மகன் வருகிறார் என்றேன். "எப்ப போறான்?" என்று கேட்டார். இரண்டு சொல்லும் சேர்ந்து தெளிவாக வந்தது. சாம்பவி இருந்திருந்தால் கைதட்டியிருப்பாள்.

ஓகஸ்ட் 30

நடந்தது இதுதான். கட்டுநாயக்காவில் இருந்து எழுதுகிறேன்.

வான் விடியப்புறம் வந்தது. இவர் இறங்கி, குளித்து, திருநீறு பூசி, தகப்பனுக்குப் பக்கத்தில் இருந்தார். முற்றத்தில் யோகன் இடியப்பம் சாப்பிட்டார். சாம்பவி பெட்டிகளை ஒவ்வொன்றாக வெளியே கொண்டுபோனாள். இவர் தன்னுடைய பெட்டிகளை உள்ளே கொண்டுவருகிறாள் என்று நினைத்திருக்க வேண்டும். நிமிர்ந்து பார்க்கவில்லை.

நான் சொல்லிப் பார்த்த வசனங்கள் ஒன்றும் வரவில்லை. "இஞ்ச வாங்கோ, மாமாவைப் பிரட்ட வேணும்" என்றேன்.

"நான் இருக்கேக்க பழகத்தான் வேணும், என்ன?" என்று சிரித்துக்கொண்டு எழும்பினார்.

செய்து காட்டினேன். கையை எங்கே கொடுப்பது, முதுகுக்குத் தலையணையை எப்படி அணைப்பது, கஞ்சி எவ்வளவு தடிப்பு, விழுங்கும்போது நாடியைக் குனிய வைக்காவிட்டால் புரைக்கேறும் என்பது. இவர் தூக்கிய தூக்கில் மாமாவின் கை கட்டில் சட்டத்தில் இடித்தது. "மெதுவா, மடையா" என்றார் மாமா. இவர் மறுபடியும் தூக்கினார். இரண்டாவது தடவை சரியாக வந்தது.

மாமாவின் கையைப் பிடித்து, "போயிட்டு வாறன், மாமா" என்றேன். அவர் விடவில்லை. இடது கையில் இன்னும் நல்ல பலம். பிறகு தானாகவே விட்டார். சாம்பவி அவர் நெற்றியில் கொஞ்சிவிட்டு, "பப்பாசி" என்றாள். அவர் முயன்று பார்த்தார். "பசி" என்றுதான் வந்தது.

இவர் வாசல்வரை பின்னால் வந்தார். வானுக்குள் பெட்டிகளைக் கண்டார்.

"எங்க போறியள்?"

"வீட்டுக்கு."

"ரெண்டு பேருமோ? வதனி, எனக்கு ரெண்டு கிழமைதான் லீவு."

"தெரியும்."

"அப்பாவை நான் தனிய என்னெண்டு..." என்று தொடங்கி, யோகன் நிற்பதைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "சனம் என்ன நினைக்கும்? நாளையிண்டைக்குத் தேர். எப்ப திரும்பி வருவீர்? அதையாவது சொல்லும்."

நான் ஏறி இருந்து கதவை இழுத்தேன். கண்ணாடி திறந்துதான் இருந்தது.

"அடுத்த வருஷம்" என்றேன்.